மில்க்வீட் செடியில் எந்தப் புழு? கடித்த தடத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுத் தோட்டத்தில் மில்க்வீட் வளர்க்கும் நம்மவர்கள் பெரும்பாலும் அதன் இலையைத் தின்று வளரும் மோனார்க் பட்டாம்பூச்சிக்காகவே அதை நட்டிருப்பார்கள். ஜூன் மாதம் முழுவதும் எல்லாம் நன்றாகப் போகும். ஜூலை பாதி தாண்டியதும் செடியில் மோனார்க்கின் வரிப்புழுவைக் காணாமல், மயிர் அடர்ந்த கம்பளிப்புழுக்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடுத்து என்ன தோன்றும் என்று சொல்லவே வேண்டாம்: வேப்பெண்ணெயில் சோப்பு கலந்து அடித்துவிடலாம் என்று கை பரபரக்கும்.

தயவுசெய்து அடிக்காதீர்கள். மில்க்வீட் மோனார்க்குக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து அல்ல. அந்தச் செடியின் நச்சுப்பாலைச் சமாளிக்கக் கற்ற அந்துப்பூச்சிகளும் அதே மண்ணில் இருக்கின்றன. அவற்றின் புழுக்களை எப்படி அடையாளம் காண்பது, எதை விடுவது, எதை இடம் மாற்றுவது என்பதுதான் கீழே இருப்பது. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, ஒண்டாரியோ, கியூபெக் தொடங்கி டெக்சாஸ், புளோரிடா வரை உள்ள தோட்டங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

புழுவைத் தேடுவதற்கு முன் இலை எப்படிக் கடிபட்டிருக்கிறது என்று பாருங்கள். புழு ஒளிந்துகொள்ளும், நிறம் மாறும், தோலுரித்ததும் வேறு உருவம் எடுக்கும். கடித்த தடம் அங்கேயே இருக்கும். இலையைத் திருப்பிப் பார்க்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மில்க்வீட் நம் ஊர் எருக்கின் குடும்பம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று பாட்டி எச்சரித்தது இதற்கும் பொருந்தும். இந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். செடியைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள்.

இலையில் நரம்பு மட்டும் மிச்சம் இருக்கிறது, பச்சை முழுக்கப் போய்விட்டது

அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில், கருந்தலையோடு, மெல்லிய மயிர் சிலும்பிக்கொண்டு, அரை சென்டிமீட்டர்கூட இல்லாத புழுக்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக மேய்ந்துகொண்டிருந்தால், இது மில்க்வீட் டஸ்ஸக் அந்துப்பூச்சியின் குஞ்சுப்புழு. அறிவியல் பெயர் யூகீட்டஸ் எக்லி. தாய் அந்து இலையின் அடியில் ஒரே இடத்தில் கொத்தாக முட்டையிடுவதால்தான் இந்தக் கூட்டம்.

நரம்பை விட்டுவிட்டுச் சதையை மட்டும் ஏன் சுரண்டுகின்றன? மில்க்வீட்டின் பால் நரம்புகளை ஒட்டிய குழாய்களில் அழுத்தத்தோடு நிற்கிறது. எங்கே கடித்தாலும் அங்கே பொங்கிவரும், காற்றுப் பட்டதும் பிசினாகும். பொடிப்புழுவின் வாய் அதில் ஒட்டிக்கொண்டால் அதோடு முடிந்தது. எனவே சின்ன வயதில் நரம்புக்கு நரம்பு நடுவே உள்ள மென்சதையை மட்டும் அரித்துத் தின்கின்றன. இலை வலை போல மிஞ்சுகிறது. மில்க்வீட்டில் ஒரு இலை முழுவதும் இப்படி வலையாகியிருந்தால், புழுவைப் பார்க்காமலேயே எக்லி என்று எழுதிக்கொள்ளலாம்.

மோனார்க் குஞ்சோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. மோனார்க் முட்டை தனித்தனியாக, வெளிர்மஞ்சளாக, நெடுக்குவாக்கில் கோடு கோடாக இருக்கும். புழுவும் தனி ஆள். ஒரு இலையின் அடியில் இருபது முப்பது பேர் பந்தி உட்கார்ந்திருந்தால் அது மோனார்க் அல்ல.

என்ன செய்யலாம்: இடமும் செடியும் நிறைய இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டே செடி, அதிலும் மோனார்க் முட்டை இருக்கிறது என்றால், புழுக்கள் இன்னும் கூட்டமாக இருக்கும் இந்தப் பருவம்தான் வசதி. அந்த ஒரு இலையைக் காம்போடு கிள்ளி, வேறொரு மில்க்வீட் செடியின் முதிர்ந்த அடி இலைமேல் படும்படி வைத்துவிடுங்கள். கிள்ளிய இலை வாடத் தொடங்கியதும் புழுக்கள் தாமாகவே புது இலைக்கு ஏறிவிடும். ரயில் பாதை ஓரத்திலும் வயல் வரப்பிலும் தானாக முளைத்துக் கிடக்கும் மில்க்வீட்டும் இதற்கு ஆகும். கிள்ளுவதற்கு முன் அந்த இலையில் மோனார்க் முட்டை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். வேறு ஏதோ ஒரு பச்சைச் செடியில் கொண்டுபோய் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அது பட்டினி போடுவதுதான்.

கருப்பு, ஆரஞ்சு, வெள்ளை மயிர்க்கொத்துகளோடு கொழுத்த கம்பளிப்புழு

அதே எக்லி, வளர்ந்த கோலம். இரண்டு முறை தோலுரித்து மூன்றாவது வளர்ச்சிப் பருவத்துக்கு வரும் வாக்கில் திடீரென்று உடை மாற்றுகிறது. முதுகின் மேல் ஆரஞ்சு அல்லது மஞ்சள், அதன் பக்கத்தில் கருப்பு, இரண்டு ஓரமும் வெள்ளை என்று கதம்ப மாலை கட்டியதுபோலக் கொத்துக் கொத்தாக மயிர். முன்னும் பின்னும் மற்றதைவிட நீண்ட கருப்பு வெள்ளைக் கற்றைகள் நீட்டிக்கொண்டிருக்கும். முழு வளர்ச்சியில் மூன்றரை சென்டிமீட்டர் வரை வரும். போன வாரம் இருந்த சாம்பல் புழு செத்துப்போய் இது புதிதாக வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதே ஆள்தான்.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. குச்சியால் மெதுவாக இடித்துப் பாருங்கள். சட்டென்று சுருண்டு உருண்டையாகி, பிடியை விட்டுத் தரையில் விழுந்துவிடும். மோனார்க்கோ முதுகில் மயிர் இல்லாத வழுக்கைப் புழு, வரி போட்ட உடம்பு, இரண்டு முனையிலும் கருப்புக் கொம்பிழைகள்.

இந்தக் கண்ணைப் பறிக்கும் நிறம் வேட்டையாடிகளுக்குச் சொல்லும் எச்சரிக்கை. மில்க்வீட்டின் பாலில் இதயத்தைத் தாக்கும் கார்டினோலைடு நச்சு இருக்கிறது. எக்லி அதை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது, அந்துவாக மாறிய பிறகும் வைத்திருக்கிறது. இருட்டில் பறக்கும் அந்துக்கு நிறம் காட்டி என்ன பயன்? அது சத்தம் காட்டுகிறது. வெளவாலின் மீயொலி காதில் விழுந்ததும் நெஞ்சுக்கூட்டில் உள்ள ஒரு உறுப்பால் டிக் டிக் என்று பதில் ஒலி எழுப்புகிறது. புழுவின் ஆடம்பரத்துக்கு நேர்மாறாக அந்து பார்க்க எளிமையானது: சாம்பல் பழுப்பு இறக்கை, வயிறு மட்டும் மஞ்சளில் கரும்புள்ளி வரிசை. இரவில் வாசல் விளக்கடியில் உட்கார்ந்திருந்தால் நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

வளர்ந்த புழுக்கள் கூட்டத்தைக் கலைத்துத் தனித்தனியாக அலைகின்றன, இலை இலையாகக் காலி செய்கின்றன. ஒரு செடி மொட்டையாவது இந்தக் கட்டத்தில்தான். மனசு பதறும், புரிகிறது. ஆனால் காமன் மில்க்வீட் தரைக்கடியில் கிழங்குத்தண்டு ஓடவிட்டு வாழும் பல்லாண்டுச் செடி. இலை போனாலும் வேர் இருக்கும், அடுத்த வசந்தத்தில் துளிர்த்துவிடும். கவலைப்பட வேண்டியது அந்த வருடம் விதை போட்டு முளைத்த இளங்கன்றுகளுக்குத்தான், அவற்றுக்குச் சேமிப்பு குறைவு. கன்றின்மேல் ஏறிய புழுவைக் கையுறையோடு எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: மோனார்க்கின் சோற்றில் எக்லி மண்ணைப் போடுகிறது என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. மோனார்க் தாய் தேடுவது இளந்துளிர். எக்லிக்குப் பிடித்தது கோடைப் பிற்பகுதியில் முற்றிய இலை. இரண்டுக்கும் பந்தி வேறு வேறு. அதை நாமும் கொஞ்சம் உதவிப் பிரித்துவிடலாம். ஜூன் கடைசி வாக்கில் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், முட்டை இல்லை என்று பார்த்துவிட்டு, பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். சில வாரத்தில் அதில் புதுத்துளிர் வரும். மோனார்க்குக்கு அது, எக்லிக்கு வெட்டாமல் விட்ட முற்றல்.

மயிர் இருக்கிறது, ஆனால் கூட்டமில்லை. வெள்ளையாகவோ வெறும் ஆரஞ்சாகவோ தெரிகிறது

மூன்று நிறம் இல்லை என்றால் சிக்னியா என்ற அந்து இனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டைச் சொல்கிறேன். பாலேடு நிறத்திலோ வெளிர்சாம்பலாகவோ மென்மயிர் போர்த்திய புழு சிக்னியா டெனரா. அதற்கு முதல் விருப்பம் மில்க்வீட்டின் உறவான டாக்பேன் செடி, மில்க்வீட்டுக்கு அவ்வப்போது வரும். உங்கள் வேலியோரம் டாக்பேன் மண்டியிருந்தால் வாய்ப்பு கூடுதல். உடம்பு பளிச்சென்ற ஆரஞ்சாக இருந்து, சாம்பல் மயிர் சிறு கொத்துகளாக இருந்தால் சிக்னியா கொலாரிஸ். ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டர்ஃபிளை வீட் என்கிற மில்க்வீட் வகையில் இதைத் தேடலாம்.

இரண்டின் அந்தும் வெள்ளை. டெனராவுக்கு முன்னிறக்கையின் ஓரத்தில் மஞ்சள் கரை. எக்லியைப் போலவே இதுவும் வெளவாலுக்கு ஒலியால் பதில் சொல்லும். சொல்லப்போனால் இந்தத் துறையில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட அந்துகளில் டெனராவும் ஒன்று. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபுல்லர்டும் கூட்டாளிகளும் 1994ல் வெளியிட்ட ஆய்வு, வெளவால் பாய்வதற்குச் சற்று முன் எழுப்பும் கடைசிக் கூவலுக்குச் சரியாக இந்த அந்து தன் ஒலியை எழுப்புகிறது என்று காட்டியது. உங்கள் கொல்லையில் ஒரு வெள்ளைப்புழு மில்க்வீட் தின்கிறது என்றால், அந்தக் குலத்துப் பிள்ளை அது. கொல்லாதீர்கள். இது செடியை மொட்டையடிக்கும் அளவுக்குப் பெருகுவதும் இல்லை.

உடம்பு முழுக்க ஒரே நிறத்தில், ஒழுங்கில்லாத நீளமயிர்

மஞ்சள், மணல், செம்பழுப்பு என்று நிறம் எதுவாகவும் இருக்கலாம். கொத்து கொத்தாகப் பிரிக்கப்படாமல், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மயிர் கலைந்து நிற்கும். இது யெல்லோ பேர் (மஞ்சள் கரடி) என்று அங்கே அழைக்கப்படும் வர்ஜீனியா புலி அந்தின் புழுவாகவோ, சால்ட் மார்ஷ் புழுவாகவோ இருக்கலாம். இவை எதையும் தின்னும் நாடோடிகள், மில்க்வீட்டில் இருப்பது தற்செயல். புகைப்படம் எடுத்து வையுங்கள், புழுவை விட்டுவிடுங்கள். இரண்டு முனை கருப்பு, நடுவில் செம்பழுப்புப் பட்டை என்றால் அது வூலி பேர் (கம்பளிக் கரடி), இலையுதிர் காலத்தில் எங்கேயோ போகிற வழியில் உங்கள் செடியில் ஏறியிருக்கும்.

இலையின் நடுவில் வட்டமாக ஒரு துளை, அல்லது நடுநரம்பு கடிபட்டு இலை தொங்குகிறது

மகிழ்ச்சியான அறிகுறி. பொடி மோனார்க் முதலில் வட்டமாக ஒரு பள்ளம் கடித்து, அந்த வட்டத்துக்குள் பால் வருவதை அறுத்துவிட்டு, உள்ளே தின்னும். வளர்ந்த மோனார்க் நேராகக் காம்பையோ நடுநரம்பையோ கடித்து, இலை தொங்கிப் பால் வடிந்த பிறகு அதன் நுனிப்பக்கம் போய் உட்காரும். தொங்கும் இலையின் கடிவாயில் உறைந்த பால்துளியைப் பார்த்தால், அதே இலையில் ஆளைத் தேடுங்கள். நரம்பை வெட்டிப் பாலை நிறுத்தும் இந்த உத்தியை டேவிட் டுசோர்டும் தாமஸ் ஐஸ்னரும் 1987ல் சயன்ஸ் இதழில் விளக்கினார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: வளர்ந்த எக்லியும் நரம்பை வெட்டும். ஆகவே தொங்கும் இலையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாமல் புழுவின் முதுகைப் பாருங்கள். மயிர் இருந்தால் அந்து, மயிரில்லாமல் மஞ்சள் கருப்பு வெள்ளை வரி என்றால் பட்டாம்பூச்சி.

வரிப்புழுவில் கொம்பிழை இரண்டு ஜோடியா மூன்று ஜோடியா என்று எண்ணுங்கள். தலைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று என்றால் மோனார்க். நடு முதுகிலும் ஒரு ஜோடி இருந்தால் தெற்கு மாநிலங்களில் வரும் குயீன் பட்டாம்பூச்சி அல்லது அதன் உறவு. ஊரில் எருக்கு இலையில் மூன்று ஜோடிப் புழுவைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? அது வெந்தய வரியன், இவற்றின் ஒன்றுவிட்ட சொந்தம். கொத்தமல்லி, சோம்பு, டில் செடியில் வரிப்புழு இருந்தால் அது மோனார்க்கே அல்ல, கருப்பு ஸ்வாலோடெயில். அதைக் கொண்டுவந்து மில்க்வீட்டில் விடாதீர்கள், தின்னாது.

இலை கடிபட்டிருக்கிறது, கம்பளிப்புழுவே இல்லை

எல்லாச் சேதத்துக்கும் அந்துவைக் குற்றம் சொல்ல முடியாது. இலைத்தோலுக்கு உள்ளே வெளிறிய திட்டு படர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சின்னப் புழு தெரிந்தால் அது இலைக்குள் சுரங்கம் போடும் ஈயின் வேலை. நுனி இலை மட்டும் கடிபட்டு, சிவப்பில் கரும்புள்ளி போட்ட நீளமீசை வண்டு சுற்றினால் சிவப்பு மில்க்வீட் வண்டு. தண்டில் நேர்வரிசையாகக் குத்துத்துளைகள் என்றால் கூன்வண்டு முட்டையிட்டிருக்கிறது. ஸ்வாம்ப் மில்க்வீட்டில் முதுகு கூனிய, உருண்டையான, ஆரஞ்சும் சாம்பலும் கலந்த புழு இருந்தால் அது இலைவண்டின் பிள்ளை. அதற்கு மயிரும் இல்லை, கம்பளிப்புழுவுக்கு இருப்பதுபோல நடு உடம்பில் சதைப்பற்றான போலிக்காலும் இல்லை, ஆறு கால்தான். மஞ்சள் பொடியாகத் தண்டில் அப்பியிருப்பது அசுவினி, அதைத் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் போதும், முட்டை இருக்கும் இலையைத் தவிர்த்துவிட்டு.

புழுக்கள் துவண்டு விழுகின்றன, கருத்துத் தொங்குகின்றன

இங்கே இரண்டு மூன்று காரணங்களைப் பிரிக்க வேண்டும். செடி புதிதாக நர்சரியில் வாங்கியதா? இமிடாக்ளோபிரிட் போன்ற நியோனிக்கோடினாய்டு மருந்து போட்ட செடி என்றால் நஞ்சு செடிக்குள்ளேயே ஓடும், மேலே கழுவினாலும் போகாது. எக்லி, மோனார்க் இரண்டும் ஒருசேரச் சாகும். வாங்கும்போதே கேளுங்கள், பதில் தெளிவாக இல்லை என்றால் வாங்காதீர்கள்.

பழைய செடிதான் என்றால், பக்கத்துப் பாத்தியில் என்ன அடித்தீர்கள் என்று யோசியுங்கள். முட்டைக்கோசுக்கும் காலிஃபிளவருக்கும் அடிக்கும் பி.டி. மருந்து (பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வருவது) இயற்கையானது என்ற பெயரில் விற்கிறது, உண்மையும் அதுதான். ஆனால் அந்து, பட்டாம்பூச்சி என்று பார்க்காமல் தின்ற புழுவின் குடலைக் கெடுத்துவிடும். காற்றில் கொஞ்சம் பறந்து மில்க்வீட் இலையில் படிந்தால் போதும். வேப்பெண்ணெயும் இப்படித்தான், புழு தோலுரித்து வளர்வதையே குலைத்துவிடும். காய்கறிப் பாத்திக்கு அடித்தே ஆகவேண்டும் என்றால் காற்றில்லாத மாலையில், மில்க்வீட்டைத் துணியால் மூடிவிட்டு அடியுங்கள்.

மருந்தே இல்லை, புழு கருத்து நீராகித் தலைகீழாகத் தொங்குகிறது என்றால் வைரஸ் அல்லது பாக்டீரியா நோய். அந்த இலையோடு வெட்டி, பை ஒன்றில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செத்த புழுவிலிருந்து வெள்ளை நூல் போலத் தொங்கினால் ஒட்டுண்ணி ஈயின் வேலை. அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை.

தொட்ட இடம் அரிக்கிறது

எக்லியின் மயிர் பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. மெல்லிய தோல் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தடிப்பு வரலாம். ஒட்டும் டேப்பை வைத்து இழுத்து மயிரை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தடிப்பு பலமாக இருக்கிறது, புழு வெள்ளை மயிரில் கருங்கொத்து உள்ளது என்றால் அது அநேகமாக ஹிக்கரி மரத்திலிருந்து இறங்கிவந்த வேறொரு அந்தின் புழு. மில்க்வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புளோரிடாவில், அரளிச் செடியில் ஆரஞ்சுப் புழு

அரளியும் மில்க்வீட் குடும்பம்தான் என்பதால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். பளிச்சென்ற ஆரஞ்சு உடம்பு, அதில் நீளமான கருப்பு மயிர்க்கொத்துகள், இளம்புழுக்கள் கூட்டமாக இலையை அரிக்கின்றன என்றால் அது அரளிப்புழு, சின்டோமெய்டா எபிலைஸ். பகலில் பறக்கும் இதன் அந்து நீலப்பச்சை மினுக்கில் வெண்புள்ளி போட்டு, வயிற்று நுனி சிவப்பாக, குளவி மாதிரி அழகாக இருக்கும். எக்லிக்குக் காட்டும் பொறுமையை நான் இதற்குக் காட்டச் சொல்லமாட்டேன். அரளி அங்கே வேற்றுநாட்டு அலங்காரச் செடி, வருடத்தில் பல தலைமுறை வந்து புதரை மொட்டையடிக்கும். புழுக்கள் கூட்டம் கலைவதற்குள் அந்தக் கிளையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் மருந்தே வேண்டாம். வெட்டிய அரளியை எரிக்காதீர்கள், புகையும் நஞ்சு.

நேற்று வரை இருந்த புழுக்கள் இன்று ஒன்றுகூட இல்லை

பறவை தின்றிருக்கும் என்று உடனே நினைக்க வேண்டாம். முழு வளர்ச்சி அடைந்த எக்லி செடியை விட்டு இறங்கி, தரையில் காய்ந்த சருகுக்குள் புகுந்து, தன் உடம்பு மயிரையே பின்னிக் கூடு கட்டிக்கொள்கிறது. வடக்கே வருடத்துக்கு ஒரு தலைமுறைதான், எனவே பனிக்காலம் முழுவதும் அந்தக் கூட்டுக்குள்தான் வாசம். தெற்கே இரண்டோ அதற்கு மேலோ உண்டு. அக்டோபரில் இலை ஊதும் இயந்திரத்தை எடுக்கும்போது மில்க்வீட்டைச் சுற்றி ஒரு கஜ தூரத்துக்குச் சருகை அப்படியே விட்டுவிடுங்கள். காய்ந்த தண்டையும் வசந்தம் வரை வெட்டாமல் வைக்கலாம். சருகைக் கிளறும்போது பழுப்பு மயிர் பின்னிய, கட்டைவிரல் நகம் அளவுக் கூடு கிடைத்தால் திறந்து பார்க்காமல் அதே இடத்தில், மேலே இரண்டு இலை போட்டு மூடிவிடுங்கள்.